அப்பா அடித்த கறுப்புப் பெயின்ட்

அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் மூன்றோடு நின்றுவிடுவேன். உழைப்பாளி. குடிக்க மாட்டார். வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பார். அந்த மூன்றாவதால்தான் எங்கள் வீட்டில் ஒரு மனிதன் அழிந்தான்.

எண்பதுகளின் கடைசி. செம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்கள் வீடு. அப்பா திரிசூலம் மலையடியில் ஜல்லி கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். மழை விட்டால் குவாரிப் பள்ளத்தில் லாரியே திணறும். அதற்காகப் பட்டாளத்து ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வாங்கினார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. பெற்ற பிள்ளையைவிட அதன்மேல் அவருக்குப் பாசம் அதிகம். பெற்ற பிள்ளை நான்தான் என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜீப்பைப் பழுது பார்ப்பது அம்மாவின் தம்பி. எனக்கு மாமா; அக்கா புருஷன் என்பதால் அவரும் அப்பாவை மாமா என்றே கூப்பிடுவார். பெற்றவர்கள் போனபின் அக்கா வீடே கதி என்று வந்தவர். அப்பா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “சோத்துக்கு வந்தவன் எங்க?” என்பார். மாமா சிரித்துக்கொண்டே வருவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

குவாரிப் பக்கம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தால் மட்டும் போதாது. பெயின்ட் அடிக்க வேண்டும். பம்பர், சக்கரம், அடியில் கண்ணில் படுகிற இரும்பு எல்லாம் புதுசாகப் பளபளக்க வேண்டும். அந்த வருஷம் அப்பா தானே பிரஷ்ஷைப் பிடித்தார். முன் அச்சு முழுக்கக் கறுப்புப் பெயின்ட்டை அப்பு அப்பென்று அப்பினார். சாமி காரியமாம், வேறு யாரும் தொடக் கூடாதாம்.

தீபாவளி தாண்டியதும் இடது முன் சக்கரத்தில் ஆயில் வழிய ஆரம்பித்தது. முன் அச்சுக்குள் கியர் ஆயில் இருக்கும். அது சக்கரத்துக்குப் போகாமல் தடுக்க உள்ளே வளையமாக ஒரு ரப்பர் சீல் உண்டு. அது விட்டுவிட்டால் ஆயில் பிரேக்கில் போய் ஊறிவிடும். அப்படி ஊறியது தெரியாமல் கேம்ப் ரோட்டில் அப்பா பிரேக் அடித்தார். ஜீப் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் இளநீர்க் குவியலில் ஏறியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஜனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அப்பா பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து மாமாவின் தலையில் கொட்டினார்.

மாமா புதுப்பேட்டைக்குப் போய்ப் புது சீல் வாங்கிவந்தார். சக்கரம், டிரம் எல்லாம் கழற்றி, நீளமான ஷாஃப்ட்டை உருவி, பழைய சீலை நெம்பி எடுத்து, புதியதைக் கோணாமல் பார்த்துப் பார்த்துத் தட்டி உட்காரவைத்தார். குவாரிக்கு நாலு நடை போய்வந்ததும் மறுபடி ஒழுகியது. இன்னொரு சீல் போட்டார். அதுவும் ஒழுகியது.

அப்பாவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. டீக்கடை, சலூன், கோயில் வாசல் எங்கே நின்றாலும் அதே பேச்சு. “ஒரு ரப்பரை ஒழுங்கா சொருகத் தெரில. துன்றதுக்கு மட்டும் வாய் ஒழுங்கா கீது.”

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குக் குரோம்பேட்டையில் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. மாமாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. சொந்த வீடு இல்லை, சொல்லிக்கொள்ள வேலை இல்லை என்று வந்த இடமெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. இந்த இடத்தில் மட்டும், “குவாரி வேலை பூரா அவர் பொறுப்புன்னு அக்கா வூட்டுக்காரர் வாயால சொன்னா போதும்” என்றார்கள். அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா சரி என்றார். மாமாவின் ஒரே நல்ல சட்டையை அம்மா தானே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள்.

பெண் வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். “சீலை மாத்திட்டு அப்புறம் குளி” என்றார்.

“நாளைக்குப் பண்ணட்டுமே, அவங்க வர்ற நேரம்” என்றாள் அம்மா.

“நாளைக்கு எனக்கு வண்டி வேணும்.”

வண்டி மறுநாள் எங்கேயும் போகவில்லை. வேண்டுமென்றேதான் செய்தார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சக்கரத்தைத் தொடுவதற்கு முன் ஆயில் அளவு பார்க்க மாமா அச்சிலிருந்த போல்ட்டைத் தளர்த்தினார். உள்ளேயிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு அச்சின் மேல்பக்கம் விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். தண்ணீர் கொண்டுபோன என்னைப் பார்த்து, “கண்டுபிடிச்சுட்டேன்டி” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

சீலைப் போட்டு முடிப்பதற்குள் பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அப்பா அவர்களை உள்ளே கூப்பிடவில்லை. நாற்காலிகளை வாசலில், ஜீப்பைப் பார்த்தபடி போடவைத்தார். “மாப்பிள்ளைய பாக்கணும்னீங்களே, அதோ கால் தெரியுது பாருங்க” என்றார்.

மாமா வெளியே வந்தார். முழங்கை வரை ஆயில், முகமெல்லாம் கிரீஸ். கும்பிடப் போனவர் கையைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அத்தோடு பேசாமல் குளிக்கப் போயிருக்கலாம். பாவி மனுஷன், கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

“மாமா, சீல்ல ஒரு குத்தமும் இல்ல. அச்சு மேல சின்னதா காத்துப் போற ஓட்டை கீது. பெயின்ட்ல அது அடைச்சிகினு கீது. சூடாவும்போது காத்து போக வழியில்லாம ஆயிலைத் தள்ளிகினு சீல் வழியா வருது. அதைக் குத்தி விட்டா சரியாப்பூடும்.”

“யார் அடிச்ச பெயின்ட்டு?” என்றார் அப்பா.

மாமா அப்போதுதான் விழித்துக்கொண்டார்.

“சொல்றா. யார் அடிச்சது?”

“நீங்கதான் மாமா.”

அப்பா பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டீங்களா சார்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஆயுத பூஜைக்கு சாமிய கும்புட்டு அடிச்ச பெயின்ட்டு, அதும் மேல பழி போடுறான். இவன் கைல நான் குவாரிய குடுக்கணுமாம், நீங்க பொண்ண குடுக்கணுமாம்.” பிறகு மாமாவிடம் திரும்பி, “அந்தப் பெயின்ட்டுல கை வெச்சே, கைய ஒடிச்சுடுவேன்” என்றார்.

வந்தவர்கள் காப்பியைக் குடித்தார்கள். கேசரியைத் தொடவில்லை. போகும்போது பெண்ணின் அப்பா மாமாவின் முகத்தைப் பார்க்காமல், “வரேம்பா” என்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

மாமா சீலைப் போட்டு முடித்து, சக்கரத்தை மாட்டிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார். அம்மா கையைப் பிடித்தாள். “உடு அக்கா” என்று மட்டும் சொன்னார். ஆணியிலிருந்த சட்டை ஆணியிலேயே இருந்தது. ஓசூரில் லாரி ஷெட் ஒன்றில் இருப்பதாகப் பிறகு தகவல் வந்தது. ஆள் வரவில்லை.

மாமா போன மறுநாள் காலை நான் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவிடம், “ஒரு ஊக்கு குடு” என்றார். தாலிச் சரட்டில் கோத்திருந்ததில் ஒன்றைக் கழற்றி அம்மா கொடுத்தாள். அவர் ஜீப்புக்கு முன்னால் குனிந்து கையை உள்ளே விட்டுக் குத்தினார், சுரண்டினார். ஊக்கைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் முனை கறுப்பாக இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். துடைக்காமல் மறுபடி சரட்டில் மாட்டிக்கொண்டாள்.

மாமா கடைசியாகப் போட்ட சீல் அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பா அதையும் விடவில்லை. “பீடை போச்சு, வண்டி நல்லாச்சு” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான். அவள் காத்திருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. குவாரி ஆட்கள், லாரிக்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலில். அப்பா வெள்ளை வேட்டியில் நின்று, சோத்துக்கு வந்தவன் கதையை ஆரம்பித்துப் “பீடை போச்சு” வரை வந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பானெட்டுக்கு, விளக்குகளுக்கு, சக்கரங்களுக்கு வரிசையாகப் பொட்டு வைத்தாள். பிறகு பட்டுப்புடவையோடு மண்ணில் உட்கார்ந்து, சந்தனத்தைக் கை நிறைய வழித்து அச்சின் மேல் ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள்.

“ஏய், அங்க இன்னா பண்றே?” என்றார் அப்பா.

“போன வருஷம் நீங்க பெயின்ட் அடிச்சு அடைச்ச எடம்தானே? சாமி காரியம், விட்டுப்போவக் கூடாதே.” எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். சரட்டிலிருந்து முனை கறுத்த ஊக்கைக் கழற்றிக் கற்பூரத் தட்டில் வைத்து நீட்டினாள். “இந்தாங்க. அன்னைக்கு இதாலதானே குத்தி எடுத்தீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. வண்டி குவாரிக்குப் போயாக வேண்டும். அப்பா ஊக்கை எடுத்தார். அத்தனை பேர் முன்னால் மண்டி போட்டு, தலையை பம்பருக்கு அடியில் விட்டார். வேட்டியெல்லாம் மண். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. அம்மா மட்டும் தட்டைப் பிடித்தபடி அவர் தலைக்கு மேலேயே நின்றாள்.

“நல்லா குத்திப் பாருங்க. என் தம்பி வாழ்க்கை உள்ள எங்கனா கீதான்னு பாருங்க.”