வசனம் இல்லாத ஆறுதல்

ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எண்ணெய், சோப்பு, சீயக்காய் கூடாது என்ற போர்டுக்கு நேர் கீழே, தலையில் எண்ணெய் வழிய ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். பெண் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "போர்டு போட்டிருக்குல்லா, கண்ணு தெரியலையா?" என்றார்.

"இங்கன வச்சா தேச்சேன்? வீட்டுலயே தேச்சிட்டுல்லா வந்திருக்கேன்!"

வரிசையே சிரித்தது. என்னோடு வந்திருந்த என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்.

"நான் எழுதினதை எடுத்திருட்டி," என்றாள்.

தென்காசியில் எங்கள் சபையின் பெயரில் இணையத்தில் ஒரு பிளாக் நடத்திவந்தேன். படித்து முடித்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் நான்; கை சும்மா இருக்காது. பிரசங்கச் சுருக்கம், பாடகர் குழுவின் படங்கள், கீழே வரிசையாக 'ஆமென்', கும்பிடும் கை பொம்மைகள். எனக்கே அலுத்துவிட்டது. மனுஷர் மனுஷராக எழுதிய ஒன்றைப் போட வேண்டும் என்று அக்காவைப் பிடித்து உலுக்கி எழுதவைத்தேன்.

ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போன தன் பிள்ளையைப் பற்றி எழுதினாள். எங்கள் ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். வேலை கிடைத்தது, விசா வந்தது, கட்டி கரைந்தது என்று. சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். 'நான் எழுந்து, என் பிள்ளை போய்விட்டது என்று சொன்னால் அதற்கும் ஸ்தோத்திரம் என்பீர்களா?' என்று முடித்திருந்தாள். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதன் கீழே வந்த கமெண்டுகளைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேஷக்காரி என்றார்கள். வயிற்றுப் பிள்ளையோடு ஸ்கூட்டியில் சுற்றினால் வேறென்ன ஆகும் என்றார்கள். அதை எழுதியவரின் மகன் அக்காவின் வகுப்பில்தான் பாட்டுப் படிக்கிறான்.

"எடுக்க மாட்டேன்க்கா. நம்ம பிளாகுக்கும் ஒரு போர்டு வைக்கேன். இன்னது எழுதலாம், இன்னது கூடாதுன்னு."

அக்கா அந்த எண்ணெய்த் தலையைப் பார்த்தாள். "வையி. நல்லாக் கேப்பாங்க."

பஸ்ஸில் திரும்பும்போதே போனில் எழுதி முடித்துவிட்டேன். திட்டக் கூடாது. எழுதியதைப் பற்றிப் பேசலாம், எழுதியவரைப் பற்றி அல்ல. ஒருவருடைய உடம்பையும் பிள்ளையையும் கல்யாணத்தையும் பற்றி ஊகம் கூடாது. துக்கத்தில் இருக்கிறவருக்குக் காரணம் சொல்லக் கூடாது. கடைசி வரியை எழுதியபோது நானே என்னை மெச்சிக்கொண்டதில் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

சபையின் பெயரில் நடப்பதால் கமிட்டி ஒத்துக்கொள்ள வேண்டும். கமிட்டியில் இரும்புக்கடை அண்ணாச்சி சொன்னால் சொன்னதுதான்.

"இங்க பாரு பிள்ள. திட்டக் கூடாது, சரி. காரணம் சொல்லக் கூடாதுன்னா என்ன அர்த்தம்? ஐயரு பாவத்தைக் கண்டிச்சுப் பிரசங்கம் பண்ணுதாரு. அதையும் கூடாதும்பியா?" போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது துக்க வீடு மாதிரி அண்ணாச்சி. துக்க வீட்டுல போயி ஏன் செத்தாங்கன்னா கேப்பீங்க?"

"கேப்போம்லா," என்றார் இன்னொருவர். "எப்படிப் போச்சுன்னு கேக்காம எங்கன எந்திரிச்சு வர?"

அறை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்குமுன் அண்ணாச்சி தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஒரே விதி போதும். பைபிள் வசனம் இல்லாம ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. வசன எண் போட்டாத்தான் கமெண்டு வெளிய வரணும். வம்பு பேசுதவன் எவனுக்கு வசனம் தெரியும்?"

வசன மனப்பாடப் போட்டியில் ஜெயித்த டிபன் பாக்ஸ் இல்லாத வீடே எங்கள் சபையில் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, வம்புக்காரனுக்கு வசனம் தெரியாது என்று நம்ப எங்கள் கமிட்டியால் மட்டும்தான் முடியும். என் கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டார்கள். ஐயர் ஜெபம் பண்ணி முடித்தார்.

அதன் பிறகு ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. எல்லாம் 'அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்' என்று தொடங்கின. 'இந்தக் கையில் பிள்ளை தங்காது என்று கர்த்தருக்குத் தெரிந்திருக்கும்' என்று ஒருவர். கீழே வசன எண். 'மறைத்துவைத்த பாவம் உண்டா என்று ஆராய்ந்து பாருங்கள், அன்பில் சொல்கிறேன்' என்று அண்ணாச்சி. கீழே வசன எண். எண்ணைக் கண்டதும் தானாக வெளிவரும்படி அமைத்திருந்தேன். வந்துகொண்டே இருந்தன. முன்பு அவளைத் தெருவில் வைத்துத் திட்டினார்கள், இப்போது ஆலயத்துக்குள் அழைத்து வைத்துத் திட்டினார்கள்.

எண் இல்லாமல் தடுக்கப்பட்டுக் கிடந்தது ஒன்றே ஒன்று. கடையநல்லூரிலிருந்து ஒரு பெண்.

'அக்கா, நான் வேற மார்க்கம். தறிக்காரங்க வீடு. எனக்கும் இப்படித்தான் ஆச்சு. எங்க வீட்டுக்காரங்க துபாயில இருந்தாங்க, பிள்ளை முகத்தைப் பாக்கவே இல்ல. பேரு யோசிச்சு வச்சிருந்தேன். இப்பவும் வீட்டுல யாரும் இல்லாதப்ப அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். நீங்களும் பேரு வச்சிருந்தீங்களா?'

வாசித்த வேகத்தில் வெளியிட்டேன். ஒரு நகலும் போனில் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா. வச்ச நீயே மீறலாமா?" மறுநாள் அந்தக் கமெண்டும் இல்லை, என் பாஸ்வேர்டும் செல்லவில்லை; புதியது அண்ணாச்சியின் கையில். அக்கா அதற்குள் அந்தப் பக்கத்தைத் திறப்பதையே விட்டிருந்தாள். ஞாயிறு வகுப்பையும் விட்டுவிட்டாள்.

அசனத்துக்கு வந்தாள், அம்மா இழுத்துவந்ததால். சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள்; கமிட்டிக்காரர்கள்தான் பரிமாற வேண்டும் என்பது வழக்கம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு வந்தார். அக்காவின் இலைக்கு முன்னால் குனிந்து, பெற்ற தகப்பன் மாதிரி, "என்னம்மா, வெறுஞ்சோறா கெடக்கு? நல்லாச் சாப்பிடணும்லா," என்றார்.

"போதும் அண்ணாச்சி. உங்க கமெண்டைப் படிச்சே வயிறு நெறஞ்சிட்டு."

அவர் முகம் மாறியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். "வசனம்தானம்மா போட்டேன்," என்று சிரித்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

கை கழுவுகிற குழாயடியில் அவளுக்குக் கடையநல்லூர்ப் பெண் எழுதியதை வாசித்துக் காட்டினேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற ஒருத்தி, "ஏட்டி, குழாயை அடைங்கட்டி," என்று கத்தினாள்.

"வச்சிருந்தேன்," என்றாள் அக்கா. "பேரு வச்சிருந்தேன்." ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "அந்தப் பிள்ளைக்கு நான் பதில் எழுதணுமே. எங்கன எழுத?"

அந்தப் பெண்ணின் மெயில் முகவரி, நான் இனி திறக்க முடியாத பிளாகின் கமெண்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்த நகலில் அவள் எழுதியது மட்டும்தான் உண்டு.

சபைப் பெயர் இல்லாமல் புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறேன். அடித்துப்போட்ட அந்த வரிதான் அங்கே முதல் விதி: துக்கத்தில் இருக்கிறவருக்குக் காரணம் சொல்லக் கூடாது. வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள் அங்கேயும் வருவார்கள். வரட்டும். இந்த முறை எதுவும் தானாக வெளிவராது. ஒவ்வொன்றையும் நான் வாசித்த பிறகுதான். அதில் முதலில் வரவேண்டியது அக்காவின் பதில்.

அதனால் நாளைக் காலை இரும்புக்கடைக்குப் போகிறேன். அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் திறந்து காட்டுங்கள், ஒரு முகவரி எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்பேன். எந்த வசன ஆதாரத்துல கேக்குத என்பார் அண்ணாச்சி. வசனம் எதுவும் கொண்டுபோகப் போவதில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.