தகவலாளர் மூன்று

எங்கள் ஆய்வுக் கழகத்தின் இதழுக்குக் கட்டுரை அனுப்புவோருக்கான விதிகளை எழுதியவள் நான். மொத்தம் பதினான்கு விதிகள். தம்போய் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில்தான் கழகத்தின் அறை. கீழே டயர் மாற்றும் பட்டறை. காற்றடிக்கும் இயந்திரம் அலறும்போதெல்லாம் தலைவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்ப்பார். அவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். நான் இடைநிலைப் பள்ளி ஆசிரியை, இதழுக்குச் செயலாசிரியர். ஆண்டுக்கு இரண்டு இதழ் போடுவோம். படிப்பவர்களைவிட எழுதுபவர்கள்தான் அதிகம்.

விதிகள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கோயில் நிர்வாகத்தைப் பற்றி ஒருவர் சொன்னதை அவர் பெயரோடு ஒரு கட்டுரையில் போட்டுவிட்டோம். அவர் வீட்டு வாசலுக்கே ஆட்கள் போய்ச் சத்தம் போட்டார்கள். தலைவர் வெலவெலத்துப் போனார். “ரூல்ஸ்னு ஒன்னு இருந்தா நாம தப்பிச்சுக்கலாம் டீச்சர். நீங்களே ட்ராஃப்ட் பண்ணிடுங்க” என்றார். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழக இதழ்களில் இருந்ததையெல்லாம் திரட்டி, வாய் நிறையும் தமிழில் எழுதினேன். ஐந்தாம் விதி: நேர்காணல் அளித்தோரின் பெயர்களை வெளியிடலாகாது, தகவலாளர் ஒன்று, இரண்டு என எண்ணிட்டே குறிக்க வேண்டும். ஆறாம் விதி: பேச்சு வழக்கும் பிறமொழிச் சொற்களும் தவிர்க்கப்பட வேண்டும். கூட்டத்தில் வாசித்தபோது கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கடுத்த ஆண்டு நானே ஒரு கட்டுரை எழுதக் கிளம்பினேன். அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்த நம் பெண்களைப் பற்றி யாரும் எழுதியதில்லை. நான்கு சனிக்கிழமைகள் அந்தத் தொழிற்சாலை இருந்த பெக்கான் நானாஸுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய் ஐந்து பெண்களைப் பார்த்தேன். நான்கு பேர் “அதுல சொல்றதுக்கு என்னா இருக்கு” என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்த அக்கா மட்டும் உட்கார்ந்து பேசினார். அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகள் சிங்கப்பூரில் வேலை. நான் கேட்காததையும் சொன்னார்.

“பழத்துக் கண்ண நோண்டி நோண்டி எடுக்கணும் டீச்சர். கையுறை ரெண்டே நாளுல ஓட்டையாயிடும். சாறு உள்ள பூந்து வெரலு வெந்து போயிடும். சோத்துல உப்பு பட்டா உசுரு போவும். ஸ்பூன்ல சாப்புடுவோம். ஊர்ல எங்களுக்குத் திமிருன்னு சொன்னாங்க.”

விரல் நுனிகளை நீட்டிக் காட்டினார். ரேகையே இல்லை. அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோது இயந்திரம் அவர் கட்டைவிரலை ஏற்கவில்லையாம், சிரித்துக்கொண்டே சொன்னார். நான் புறப்படும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு, “இருவது வருஷம் அங்க டோக்கன் நம்பரச் சொல்லித்தான் கூப்புட்டாங்க. புக்குல என் பேரப் போடுவீங்கதானே?” என்று கேட்டார்.

“கட்டாயம் போடுவோம்கா” என்றேன். விதியை எழுதிய கை இது. சத்தியமாக அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. விதிகளையெல்லாம் மற்றவர்களுக்காகத்தானே எழுதியிருந்தேன்.

கட்டுரையைத் தட்டச்சு செய்தபோதுதான் உறைத்தது. அக்காவின் பெயரைப் போட வேண்டும் என்று தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். “ரூல் நீங்கதானே எழுதுனீங்க டீச்சர்? நீங்களே மாத்துனா மத்தவங்க சும்மா இருப்பாங்களா லா? அந்தம்மா இதெல்லாம் எங்க படிக்கப் போறாங்க?” என்றார். கட்டுரையை நான் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது வெளிவந்தால் என் முதுகலை விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

“வெரலு வெந்து போயிடும்” என்று அவர் சொன்னது ஆறாம் விதிப்படி “பணியாளர்தம் விரல்களில் அமிலத் தாக்கம் காணப்பட்டது (தகவலாளர் 3)” என்று ஆனது. ஸ்பூனையும் திமிரையும் ஆய்வுக்குத் தொடர்பற்றவை என்று நானே வெட்டினேன்.

வெளியீட்டு விழாவுக்கு டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர் வருவதாக இருந்தது. நாற்காலி காலியாகக் கிடந்தால் கழகத்துக்கு அவமானம், ஆளுக்குப் பத்துப் பேரை அழைத்து வாருங்கள் என்று தலைவர் உத்தரவு போட்டார். எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒன்பதாவதாக அந்த அக்காவைக் கூப்பிட்டேன். பெயர் வராத விஷயத்தை நேரில் பார்க்கும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழா நாளில் அவர் பட்டுச் சேலையில் வந்தார். மகளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் மைக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று நழுவினேன்.

எங்கள் விழாக்களில் நூல் இரண்டாம் பட்சம். முதல் பிரதியை டத்தோ வாங்கினார், அடுத்த பிரதிகளை வரிசையாகப் பிரமுகர்கள் வாங்கினார்கள், ஒவ்வொருவரோடும் படம் எடுத்தோம். டத்தோவின் பெயர் அவருடைய எல்லாப் பட்டங்களோடும் அன்று எத்தனை முறை ஒலித்தது என்று எனக்கு நினைவில்லை. சிறந்த கட்டுரை என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் மேசைக்குப் போனபோது இதழ் விரிந்து கிடந்தது. மகள் பக்கத்தைக் காட்டி, “தகவலாளர் மூனுன்னு போட்டிருக்கே, அது நீதாம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போய்க் கடைசியில் நன்றிப் பக்கத்தில் நின்றார்.

“விருந்துக்கு மீ கோரெங் குடுத்தவரு பேரு இருக்கு டீச்சர்” என்றார். “மைக் செட்டுக்காரரு பேரும் இருக்கு.”

“அது ரூல்கா.”

“யாரு போட்ட ரூலு?”

“கமிட்டி” என்றேன். அப்போதும் பொய்தான் வந்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா சொன்னதுக்குக் கீழ நம்பர். மேல உங்க பேரு, போட்டோ. நல்ல ரூல்தான் டீச்சர்” என்றாள். நான் பொன்னாடையைக் கழற்றி மடிக்கத் தொடங்கினேன்.

அடுத்த கூட்டத்தில் ஐந்தாம் விதியைத் திருத்த வேண்டும் என்று சண்டை போட்டேன். இவ்வளவு நாளாக எங்கே போயிருந்தது இந்த வீரம் என்று எனக்கே எரிச்சல் வந்தது. எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தால் பெயரை வெளியிடலாம், அடுத்த இதழில் ஒரு குறிப்பாக அந்த அக்காவின் பெயரையும் போட்டுவிடலாம் என்று முடிவானது. நானே சம்மதம் எழுதி வாங்கும் பாரம் ஒன்றைத் தயார் செய்து பெக்கான் நானாஸுக்கு எடுத்துப் போனேன்.

அக்கா உள்ளே வரச் சொன்னார், தேத்தண்ணீர் கொடுத்தார். பாரத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கையெழுத்துப் போடும் இடத்தைத் தொட்டுக் காட்டிப் பேனாவையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இனிமே பேசறவங்க பேரெல்லாம் வருமா?” என்றார்.

“வரும்கா.”

“அது போதும். எனக்கு வேணாம்.” தேத்தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். “நான் சொன்னத திருப்பிக் குடுத்திட முடியுமா டீச்சர்? அந்த புக்குலேர்ந்து எடுத்திடுங்களேன்.”

பிரசுரமான கட்டுரையை எக்காரணம் கொண்டும் மீட்டுக்கொள்ள இயலாது என்பது பதினோராம் விதி. என் அழகுத் தமிழ்தான். அவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. “முடியாதுக்கா” என்றேன்.

“சரி, அப்ப இனிமே எங்கயும் என்னைப் பத்தி எழுதுனா பேரப் போட்டிறாதீங்க” என்று பாரத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். இந்தப் பக்கங்களில் அவர் பெயர் இல்லாததற்கு எந்த விதியும் காரணமில்லை.