மாகறல் ஏரிக்கரையில் மேய்ந்த மாடும் என் பையில் வந்த தாடையும்

புல் மேய்ந்து வளர்ந்த மாட்டிறைச்சி எங்கே கிடைக்கும், நம்பி வாங்கலாமா என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இதில் நான் நிபுணன் இல்லை. என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மாடு வாங்கப் போயிருக்கிறேன், அதுவும் 1968 தை மாதத்தில். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு யோசனை சொல்லலாமா என்று இரண்டு வாரம் தயங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மெட்ராஸில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்கள் தவளை அறுக்கும்போது பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பது என் வேலை. ராயப்பேட்டையில் வாடகை வீடு. அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலமாகிவிட்டதால் தங்கை மும்தாஜின் கல்யாணம் என் பொறுப்பில் வந்தது. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தா பேச்சுவாக்கில், "எங்க வூட்டு விருந்துல எப்பவும் மட்டன்தான். உங்க வசதி எப்டியோ, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்பா" என்றார். ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று அவர் சொன்ன விதத்திலேயே எல்லாம் இருந்தது. இருநூறு பேருக்கு மட்டன் போட எங்களால் முடியாது. அம்மா தரையைப் பார்த்தார். நான் சபையில் வாய் திறக்காதவன். அன்று எப்படியோ திறந்துவிட்டேன்.

"காஞ்சிபுரத்து மாடு போடுறோம் மாமா. புல்லு மேய்ஞ்ச எளங்காளை. நானே போயி கொண்டாரேன்."

எங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம். ஏரிக்கரையில் மேய்ந்த மாட்டின் ருசியே தனி என்று அத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பெருமையை நான் கடன் வாங்கிப் பேசிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. சொன்னபடி கொண்டுவராவிட்டால் தலைகுனிவது நான் மட்டும் இல்லை. அந்த வீட்டில் போய் வாழப்போகிறவள் மும்தாஜ்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஆறு மணிக்கு பாரிமுனையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் என் மாமு, அதாவது அம்மாவின் தம்பி, பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். முழங்கை வரை அரக்குச் சிவப்போடு வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ மாடு வாங்க வந்துக்கினு இருக்கிறியா? தவள கத்தினாலே நீ ரெண்டடி பின்னால போவியே!"

சிரித்தாலும் விவரம் வைத்திருந்தார். மாகறலில் ஏகாம்பரம் என்ற விவசாயியிடம் ஒரு காளை இருந்தது. ஏர் பழக்கும்போது வரப்பில் சறுக்கி அதன் முன்னங்கால் முட்டி போய்விட்டது. ஆடியிலிருந்து ஏரிக்கரையில் சும்மா மேய்ந்துகொண்டிருந்தது. அந்த நாளில் வேலைக்கு உதவாத மாடு என்று கால்நடை டாக்டர் சீட்டு கொடுத்தால்தான் அறுக்க முடியும். அந்தச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. மாட்டுப் பொங்கல் கழியாமல் கொடுக்க மாட்டேன் என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தார். பொங்கலும் கழிந்துவிட்டது. ஆறு ரூபாய்க்கு ஒரு மாட்டு வண்டி பேசிக்கொண்டு மாமுவும் நானும் கிளம்பினோம். பதினாறு கிலோமீட்டரும் அறுவடை நடக்கும் வயல்களுக்கு நடுவே போகும் சாலை. மாமு வழி நெடுகப் பாடிக்கொண்டு வந்தார். நான் பசுவினப் பற்களைப் பற்றிப் படித்ததை மனதுக்குள் திருப்பிக்கொண்டு வந்தேன்.

மாகறலில் சிவன் கோயிலைத் தாண்டினால் ஏரி. அந்த வருஷம் நல்ல மழை. கரை முழுக்கப் பச்சை. காளையின் கொம்பில் பொங்கலுக்கு அடித்த நீலமும் சிவப்பும் இன்னும் போகவில்லை. நொண்டிக்கொண்டேதான் நடந்தது. ஆனால் மேனி அப்படி ஒரு மினுமினுப்பு. ஏகாம்பரம் நாற்பது வயதிருக்கும் ஒல்லியான மனிதர்.

"பாத்துக்கோங்க சாரு. புல்லத் தவிர ஒண்ணும் தின்னாது. வைக்கோல் போட்டா மூஞ்சியத் திருப்பிக்கும், வூட்டுக்கு வந்த மாப்ள கணக்கா."

பல்லைப் பார்க்க வேண்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர கிட்டே போகப் பயம். மாமு வண்டிக்காரரிடம், "பாருய்யா, அடுத்த ஊர்லேந்தே பல்லப் பாக்கறான்" என்றார். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, பக்கவாட்டில் போய், கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தேன். மாட்டுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. அதில் நடுவில் நான்கு மட்டும் அகலமான நிலைப் பற்கள். இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் பால்பற்கள்.

"நாலு பல்லு" என்றேன். "மூணு வயசு, மிஞ்சினா மூணரை."

"அத்தத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் ஏகாம்பரம். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

நூற்றறுபது ரூபாய்க்கு முடிந்தது. மாட்டைப் பிடிக்கப் போனபோது ஏகாம்பரம், "கயிறு எங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கத்தில் மாட்டை விற்பவர் தன் கயிற்றைக் கொடுக்க மாட்டார். கயிறு போனால் கொட்டிலின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். பல் பற்றிப் புத்தகம் முழுக்கப் படித்துவிட்டு வந்த நான் கயிறு கொண்டுவரவில்லை. கோயில் பக்கத்துக் கடைக்கு ஓடி, முக்கால் ரூபாய்க்கு வாங்கி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன்.

அதற்குள் ஏகாம்பரத்தின் மனைவி வண்டியில் ஒரு கட்டுப் பசும்புல்லைப் பரப்பி வைத்திருந்தார். பழைய கயிற்றைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, மாட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வழியில பசிக்கும்பா. வேற எத்தயும் போடாத. அது தின்னாது."

நான் தலையாட்டினேன். நொண்டும் காளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி, கால்வாய் ஓரத்தில் இன்னும் புல் அறுத்துப் போட்டேன். மாமு கேலி செய்யவில்லை.

காஞ்சிபுரம் திரும்பி, மறுநாள் மாட்டுக்கு ஓய்வு. அதற்கடுத்த விடியலில் நகராட்சித் தொட்டியில், அதாவது அறுவைக்கூடத்தில், கசாப்புக்காரர் காதர் பாய் முறைப்படி அறுத்தார். நான் வாசலிலேயே நின்றேன்; அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. எங்களுக்கு நாற்பது கிலோ, மீதியைக் காதர் பாய் விலைக்கு எடுத்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டு இறைச்சியைக் காட்டியபோது கொழுப்பு மஞ்சளாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். பச்சைப் புல்லில் இருக்கும் மஞ்சள் நிறம் பசுவினத்தின் கொழுப்பில் தங்கும் என்று படித்திருக்கிறேன். உடனே பயமும் வந்தது. மெட்ராஸில் பெரும்பாலும் விற்பது எருமை. அதன் கொழுப்பு வெள்ளை. அங்கே மஞ்சளைப் பார்த்தால் கிழட்டு மாடு என்று தள்ளிவிடுவார்கள். யோசித்துப் பார்த்து, காதர் பாயிடம் கீழ்த்தாடையைக் கேட்டேன்.

"தாடையா? இன்னாத்துக்கு தம்பி? மாப்ள வூட்டுக்கு சீரு வெக்கப் போறியா?"

சுத்தம் செய்து செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வாழையிலை வைத்துக் கட்டிய இரண்டு ஓலைக்கூடைகள் பஸ்ஸின் மேலே போயின. தாடை என் மடியில், துணிப்பையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இன்னாபா அது?" என்றார். "காலேஜ்ல பாடம் நடத்தற எலும்புமா" என்றேன். பூந்தமல்லி வரை அவர் கால்களை மடக்கியே வைத்திருந்தார்.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்கட்டில் அடுப்பு மூட்டி, பிரியாணி அண்டாவான தேக்ஸாவும் தயாராக இருந்தது. சமையல்காரர் மஸ்தான் பண்டாரி கூடையைப் பிரித்தார், ஒரு துண்டைத் தூக்கினார், முகம் மாறியது. ஏற்பாட்டைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தாவும் பக்கத்தில் நின்றார்.

"இன்னா தம்பி, கொழுப்பு மஞ்சளா கீது? கெய மாடு. தேக்ஸால போட்டா நாளைக்கி வெள்ளி முளைக்கிற வரைக்கும் வேவாது. என் பேரு கெட்டுப்பூடும்."

மாப்பிள்ளையின் அத்தா மெதுவாக, "நாங்கதான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கதவருகில் மும்தாஜ் நின்றாள்.

பையிலிருந்து தாடையை எடுத்தேன். எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன். வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன். "இந்த நாலும் நிலைப்பல்லு. ஓரத்துல இருக்கறது பால்பல்லு, இன்னும் விழவேயில்ல. பால்பல்லு விழாத மாடு எப்படிங்க கிழமாகும்? மஞ்சள் வயசால வந்ததில்ல, புல்லால வந்தது. ஒரு துண்டு வேகவச்சுப் பாருங்க."

பண்டாரி தாடையை வாங்கி விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினார். ஒரு சின்னச் சட்டியில் நாலு துண்டு போட்டார். அது வேகும்வரை யாரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். அது பிரிந்து விழுந்தது.

"அரிசிய ஊற வைங்கடா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

மாப்பிள்ளையின் அத்தா தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்தப்பகூட நாங்க இவ்ளோ பல்லு பாக்கலயேபா." கதவருகிலிருந்து மும்தாஜின் குரல் வந்தது: "எங்க அண்ணன் பாத்துச்சி மாமா. உங்க புள்ளைக்கி முப்பத்திரண்டும் இருக்குதாம்." முதலில் சிரித்தவர் அவர்தான்.

அன்று ராத்திரி பந்தியில் அவர் இரண்டாம் தடவை பிரியாணி கேட்டார். இலையைப் பார்த்துக்கொண்டே, "எந்த ஊரு மாடு?" என்றார். வழக்கமாக முணுமுணுக்கும் நான், அடுத்த வரிசைக்கும் கேட்கும்படி, "மாகறல். ஏரிக்கரைப் புல்லு" என்றேன்.

இனி உங்களுக்கு. சட்டங்களும் ஊர்களும் நிறைய மாறிவிட்டன. உங்கள் ஊரில் இன்று எதை அறுக்கலாம், எதை வாங்கலாம் என்பதை முதலில் விசாரியுங்கள். முடிந்தால் விலங்கு மேய்ந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். மழை முடிந்த தை மாதம் நல்லது. மஞ்சள் கொழுப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வயதான பசுவுக்கும் அது வரும். பல்லையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் வாங்கி வெயில் ஏறுவதற்குள் வீடு சேருங்கள். புதுக் கயிறு ஒன்று கொண்டுபோங்கள். வளர்த்தவர்கள் வழிக்கு என்ன தீனி சொல்கிறார்களோ அதை மட்டும் போடுங்கள்.

சாப்பிடும்போது யாராவது எந்த ஊர் என்று கேட்டால், ஊரின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். என்னாலேயே முடிந்தது.