வண்டல் கொட்டிய வழி

என் மகளுக்கு நடக்க வராது. ஐந்தாம் வகுப்பு வரை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தேன். வயசுக்கு வந்த பிறகு, "எல்லாரும் பாக்கறாங்கம்மா, இனித் தூக்காத" என்று சொல்லிவிட்டாள். வீல்சேர் வகுப்பு வரை போனால்தான் அவளும் பள்ளிக்கூடம் போவாள். இல்லையென்றால் படிப்பு அதோடு சரி.

சிங்காநல்லூரைத் தாண்டிக் கிழக்கே, தோட்டமும் ஒர்க்‌ஷாப்பும் கலந்து கிடக்கிற ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்கு மைதானம் பெரிசு, பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் சனிக்கிழமை காலையில் பெற்றோர்கள் கூடிக் களை எடுப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று ஏற்பாடு. கூடுவது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் ஒருத்தர் பாக்கியில்லாமல் "வந்தர்றனுங்க" என்று போடுவார்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. போய்ப் பார்த்தால் நானும் மண்வெட்டியும்தான் நிற்போம்.

எனக்கொன்றும் செடி மேல் அப்படி ஆசை இல்லை. கேட்டிலிருந்து வகுப்பறைச் சாய்தளம் வரை ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். நெருஞ்சி காய்த்தால் வீல்சேர் டயர் பஞ்சர். மழை பெய்தால் குழி. வாரமெல்லாம் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டுகிற கையால் சனிக்கிழமை நெருஞ்சி பிடுங்குவேன். குழியில் கிராவல் கொட்டிக் கட்டையால் இடிப்பேன். தரை கல்லாட்டம் இறுகி, அவளே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு வந்திருந்தது.

அந்தக் கோடையில் ஊர்க் குளத்தைத் தூர் வாரினார்கள். வண்டல் மண்ணை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்றார்கள். வண்டல் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கல்யாணச் சோறு கூட அப்புறம்தான். பெற்றோர் குழுத் தலைவர் தென்னந்தோப்புக்காரர், சொந்த டிராக்டர் வைத்திருப்பவர். நான் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்த ஒரு சனிக்கிழமை, எந்த வாரமும் வராதவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். மைதானம் முழுக்க வண்டலைக் கொட்டிப் பரப்பி, பாத்தி கட்டி, கத்தரி நாற்றும் நட்டுவிட்டார்கள்.

பள்ளி திறந்த அன்று கேட்டில் நின்று பார்த்தேன். வழி இருந்த இடமே தெரியவில்லை.

தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏனுங்க அம்மணி, எப்படிங்க இருக்குது? நீங்க ஒருத்தரே பாடுபடறீங்கன்னுதான் எல்லாருஞ் சேந்து செஞ்சுபோட்டமுங்க."

"எம்புள்ள போற வழி எங்கீங்க?"

"வழிங்களா?" நிஜமாகவே முழித்தார். "வெறுங் கட்டாந்தரையாத்தானுங்க கெடந்துது."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் கண்ணுக்கு விளையாத மண் சும்மா கிடக்கிற மண். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆனதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

முதல் மழையிலேயே வீல்சேர் பாதிச் சக்கரம் புதைந்தது. இரண்டு வாத்தியார்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பலகை போட்டோம், பலகையும் இறங்கியது. வண்டலோடு வந்த நெருஞ்சி வேறு பச்சைப்பசேலென்று படர்ந்தது.

குழுக் கூட்டத்தில் கத்திவிட்டேன். "எம்புள்ள காலைப் பொதச்சுப்போட்டு நிக்கறீங்களேங்க!" அந்த ஆத்திரத்திலும் வாயிலிருந்து 'ங்க' போகவில்லை, என்ன சாபமோ. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "மழ உடட்டுமுங்க, எடுத்தரலாமுங்க" என்றார் தலைவர். அடுத்த சனிக்கிழமைக்கு அத்தனை பேரும் "வந்தர்றனுங்க" போட்டார்கள். நான் மட்டும் ஈர வண்டலை வெட்டி வெட்டிப் போட்டேன். ஒரு கூடை எடுத்தால் மழை மறுபடி இரண்டு கூடையை இழுத்துவந்து நிரப்பியது. கடைசியில் மண்வெட்டியை வீசிவிட்டுச் சேற்றில் உட்கார்ந்து அழுதேன். பார்க்க ஆள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

"வாரத்துக்கொருக்கா டீச்சர் ஊட்டுக்கே வருவாங்க. ஊட்லயே படிக்கட்டுங்க" என்றார் தலைமையாசிரியை, ரொம்பப் பதமாக. மகள் என்னை முந்திக்கொண்டு சரி என்றாள். அதன் பிறகு அவள் யூனிஃபார்மைக் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் தலைவர் பை நிறையக் கத்தரிக்காயோடு வாசலில் வந்து நின்றார்.

"மொதக் காய்ப்புங்க. பாப்பாவுக்குத்தான் மொதல்ல குடுக்கோணும்னு எல்லாருஞ் சொல்லிப்போட்டாங்க."

மகள் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தாள். காம்பில் ஈரம் காயவில்லை.

"எந்தப் பக்கங்க காச்சுது?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் முந்திக்கொண்டார். "கேட்டுல இருந்து உங்க கிளாசு வரைக்கும் கண்ணு. அங்கதான் கொத்துக் கொத்தாக் காச்சுக் கெடக்குது. ஒருக்கா வந்து பாரு."

மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்தர்றனுங்க" என்றாள்.