ஐப்பசியில் கொடுத்தால் லஞ்சம்

கிறிஸ்மஸ் கிட்டினால் போதும், பிள்ளையின் ரீச்சருக்கு என்ன வாங்கலாம் என்று பஸ்ஸிலும் கடையிலும் எங்கள் சனம் கதைக்கத் தொடங்கிவிடும். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். கொடுங்கோ, தாராளமாகக் கொடுங்கோ. நான் கொடுத்துப் பட்டது எனக்கல்லவோ தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஊரை விட்டு இந்தக் குளிர் தேசத்துக்கு, மல்வேர்னுக்கு, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகளை ஐந்தாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். ஆனால் பாதி நாள் அவளைப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில்தான் இருத்தினார்கள். தன் வகுப்புப் பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கிற நேரத்தில் அவள் அங்கே பழங்களின் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் கணக்கில் முதலாம் பிள்ளை. பின்னேரம் வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு அழுவாள். அவளை முழு நாளும் ஐந்தாம் வகுப்பில் விடுவதா இல்லையா என்று வகுப்பு ரீச்சர்தான் முடிவெடுக்க வேண்டும். கெதியில், சில நாளிலேயே, சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

இடையில் விஜயதசமி வந்தது. அன்றைக்குப் படிப்பிக்கிறவர்களிடம் வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் சின்னதாக ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். குளித்துச் சேலை உடுத்து, மேலே குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு போய் அந்த வகுப்பு ரீச்சரிடம் நீட்டினேன். ஊரில் எல்லாத் தாய்மாரும் சொல்வதைத்தான் எனக்குத் தெரிந்த நாலு இங்கிலிஷ் சொல்லில் சொன்னேன்: என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மனுசி வெற்றிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைத் தொடாமல் மேசையில் வைக்கச் சொன்னார்.

இரண்டு நாளில் பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார். மொழிபெயர்க்க ஆள் இல்லையாம். மகளையே வகுப்பிலிருந்து எடுத்து, எனக்கும் அதிபர், ரீச்சர் இரண்டு பேருக்கும் நடுவில் இருத்தினார்கள். அதிபர் நிறையக் கதைத்தார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, என்னைப் பெரிய வகுப்பிலை விடச் சொல்லி லஞ்சம் குடுத்தனீங்களோ எண்டு கேக்கினம்."

பத்து வயதுப் பிள்ளையின் வாயால் கேட்க வேண்டிய கேள்வியா இது? இது எங்கள் வழக்கம், பாடம் சொல்லித் தருகிறவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நான் சொல்லச் சொல்ல, அவள் ஒன்றும் விடாமல் இங்கிலிஷில் சொன்னாள். அதிபர் தலையை ஆட்டினார். சிமிழை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் திருப்பித் தந்தார். வெற்றிலை போன இடம் தெரியாது. இப்படி நடந்துவிட்டதால் பிள்ளையைப் பற்றிய முடிவைக் கிறிஸ்மஸ் வரைக்கும் தள்ளிவைக்கிறார்களாம், அதுதான் நியாயமாம். என் வீட்டுக்காரர் வேலையால் வந்து கேட்டுவிட்டு, அகதியாய் வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிரும் என்றார். மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

மார்கழியில் பள்ளிக்கூடம் பூட்டுகிற நாள் மகளைக் கூட்டிவரப் போனேன். வகுப்பு வாசலில் நின்றபடியே நின்றுவிட்டேன். ரீச்சரின் மேசை தெரியவில்லை. வைன் போத்தல், சென்ற் போத்தல், சொக்லட் பெட்டி, ரிபன் கட்டின கூடை. ஒரு தாய் இன்னொன்றை நீட்ட, ரீச்சர் அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். அவருடைய மகன் கெட்டிக்காரனா மொக்கனா என்று அங்கே ஆரும் கேட்கவில்லை. நேரே போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"உதுகள் என்ன எண்டு கேள்," என்றேன் மகளிடம்.

கேட்டாள். ரீச்சர் சிரித்தபடி, பெற்றோர் அன்பாக நன்றி சொல்கிறார்கள் என்றார்.

"அப்ப நான் குடுத்தது என்ன எண்டு கேள்."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு ரீச்சரின் பக்கம் திரும்பிக் கதைத்தாள். நான் சொன்னது நாலு சொல், அவள் சொன்னது அதைவிட எவ்வளவோ கூட. ரீச்சரின் முகம் சிவந்தது.

பஸ் தரிப்பில் காற்று முகத்தில் அறைந்தது. என்னடி சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கச் சொன்னதை நான் கேக்கேல்லை, அம்மா. அண்டைக்கு ஒஃபிசிலை என்னை வைச்சுத்தானே எல்லாம் கதைச்சனீங்கள், நான் சொன்ன இங்கிலிஷ் உங்களுக்கு விளங்கினதுதானே, பிறகேன் இன்னும் என்னைப் பழத்துக்கு நிறம் தீட்ட விடுறியள் எண்டு கேட்டனான்."

தை மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவளை முழு நாளும் ஐந்தாம் வகுப்பில் இருத்தினார்கள். நன்றி சொல்லி ஒரு கார்ட் எழுதச் சொன்னார் வீட்டுக்காரர். ஆருக்கு? அந்தச் சிமிழை மகளிடம் கொடுத்தேன். அவள் தன் அழிறப்பரை அதற்குள் போட்டு வைத்திருந்தாள்.