ஐந்துக்கு ஓர் இடம்

கோட்டைத் துபாஷிக்கு எங்கள் குப்பத்து மணலில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கோட்டையிலிருக்கும் உலாந்தா வெள்ளைக்காரருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசுகிற பெரிய மனிதர் குந்தி உட்கார்ந்து கட்டம் கிழித்தால் யாருக்குத்தான் எட்டிப் பார்க்கத் தோன்றாது?

முதலில் இரண்டு கட்டம், தள்ளி ஒன்று, இன்னும் தள்ளி இரண்டு. ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி வைத்த ஐந்து சிப்பிகளை என் கையில் கொட்டினார். இரட்டைக் கட்டத்தில் இடப்பக்கம் உட்காரும் சிப்பி பத்து மடங்காகிவிடுமாம். சும்மா இடம் மாறினாலே பத்து மடங்கா! முதல் எண்ணை நடுச்சிப்பியால் பெருக்கினால் கடைசி எண் வரவேண்டும்.

"சரியா வெக்கிற புள்ளைய கப்பல்ல அக்கரைச் சீமைக்கு அனுப்புவேன். பொண்ணானாலும் சரி," என்றவர், என் நைனாவிடம் பேசப் போய்விட்டார்.

எனக்குக் கப்பல் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தைத் தாண்டி நான் போனதே இல்லை.

ஏரியில் வலை போடும் இடங்களை எங்களவர்கள் முறை வைத்துப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த இடம் ஆகாது என்று கழித்துவிட்டுத்தான் சீட்டுப் போடுவார்கள். நானும் அப்படியே ஐந்துக்குப் பாடு தேடினேன். ஐந்தால் பெருக்கினாலும், ஐந்தில் முடிவதைப் பெருக்கினாலும், விடை ஐந்தில் முடியும். இல்லையென்றால் முழுப் பத்தாக நிற்கும், அதற்குச் சிப்பியே இல்லை. இருப்பதோ ஒரே ஐந்து. விடை ஐந்தில் முடிய, பெருக்குவதிலும் ஓர் ஐந்து வேண்டுமே! முதல் கட்டத்தில் வைத்தால், ஒன்றால் பெருக்கினால் அதே எண் வரும், வேறெதனால் பெருக்கினாலும் விடை நூறைத் தாண்டும். ஆக, விடையின் இடப்பக்கம்தான் அதற்குப் பாடு. மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கழித்தேன். பதின்மூன்று, நாலு, ஐம்பத்திரண்டு!

"சாமி!" என்று கத்தினேன். அவர் திரும்புவதற்குள் மீன்கூடையோடு வந்த அம்மா கட்டங்களின் மேலேயே நடந்து, சிப்பிகளைக் காலால் கலைத்துவிட்டாள்.

"இது இன்னாத்த கண்டுச்சு சாமி, பத்துக்கு மேல எண்ணத் தெரியாத கழுதை," என்றாள். தினமும் மீன் கணக்கை என்னிடமே கேட்பவள்! நான் "பதிமூணு" என்று வாயைத் திறந்ததும் பொத்தினாள். என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். துபாஷி சிரித்துக்கொண்டே சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

பக்கத்துக் குப்பத்தில் ஒரு பிள்ளை சரியாக வைத்துக் கப்பலேறிவிட்டது. வயிற்றெரிச்சலில் அம்மாவோடு பேசாமலே இருந்தேன்.

அந்தப் பிள்ளையின் தாய் அதன்பின் தினமும் முகத்துவாரத்தில் வந்து நின்றாள். மீன் வாங்க வருகிறாள் என்றே நினைத்திருந்தேன், உலாந்தாக்காரர் பிள்ளைகளை அடிமைகளாக விற்கத்தான் கப்பலேற்றுகிறார்கள் என்று தெரியும்வரை.