சாம்பிராணி வேது

வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி போடாமல் எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றியதில்லை. இன்றைக்கும் போடுகிறேன், ஆனால் வாசலோடு சரி. காரணம் தம்பி.

அப்போது புதுப்பட்டினத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. மூன்று நாளாக அவன் நெஞ்சு கொர் கொர் என்றது. அது ஆடி வெள்ளி. காலையில் அம்மா தூபக்காலை வாசலில் மட்டும் காட்டிவிட்டு வெளியிலேயே வைத்துவிட்டாள்.

"அம்மனுக்கு வெளக்கு வெச்சுட்டு ஓடியாந்துர்றேன். தம்பிய பாத்துக்கோ" என்று கோயிலுக்குப் போனாள்.

முந்தின நாள் அவனுக்கு வேது பிடித்தார்கள். கொதிக்கிற தண்ணீர், தலைக்கு மேல் போர்வை. சளி இளகவில்லை. வெறும் தண்ணீருக்கே போர்வை போடுகிறார்கள், சாமிக்குப் போடும் புகை இன்னும் எவ்வளவு நல்லது என்று எனக்குப் பட்டது. தூபக்காலை உள்ளே கொண்டுவந்தேன். கனல் இருந்தது. இரண்டு கை தூளை அள்ளிப் போட்டு, தம்பியைக் குனியவைத்து மூடினேன். தாயே, சளியெல்லாம் வந்துடணும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அக்கா, கண்ணு எரிது."

"கம்முனு இழுடா. சாமி புகைடா இது."

போர்வையை எடுத்தபோது கொர் கொர் போய் விசில் சத்தம் வந்திருந்தது. உதடு கறுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. தூபக்காலைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வெளியே ஓடினேன். எதிரே அம்மா. உள்ளே ஓடித் தம்பியை வாரித் தூக்கியவள் அவன் தலையை ஒரு தரம் மோந்து பார்த்தாள்.

அடுத்த வீட்டு மாமாதான் ஆட்டோ ஓட்டினார். "மூணு நாளா இழுத்துகினு கீறான், இப்பத்தான் என் வண்டி கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்று வழியெல்லாம் திட்டினார்.

"புகை ஏதாவது பட்டுதா?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"நான்தான் டாக்டர் சாம்பிராணி போட்டேன்" என்றாள் அம்மா.

டாக்டரம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "மூச்சுக்குழாய் ஏற்கனவே வீங்கியிருக்கு. வீங்கின இடத்துல உடம்பே சில ரசாயனத்தை விடும். அதுதான் சளியைச் சுரக்கச் சொல்லுது. புகை பட்டா இன்னும் சுரக்கும். சளி காப்பாத்தத்தான் வருதும்மா. அளவு மீறுனா அதுவே வழியை அடைச்சுடும்."

அம்மா தலைகுனிந்து நின்றாள். தம்பி முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். அதிலிருந்தும் வெள்ளையாகப் புகைதான் வந்தது! கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. அம்மனுக்கு நன்றி சொன்னேன்.

என் புகையில் தப்பில்லை, அம்மாவும் எனக்குத் தெரியாமல் வீட்டுக்குள் போட்டிருக்கிறாள், இரண்டும் சேர்ந்துதான் அளவு மீறிவிட்டது என்று முடிவு கட்டினேன். திரும்பும் வழியெல்லாம் அம்மாவோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக டிரம்முக்குப் பின்னால் போய்த் தூபக்காலை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.